அப்பா ரட்சிக்கப்பட்டுட்டாரு, ஆண்டவர் மன்னிச்சிட்டாருங்கிறாரு. எங்களுக்கு அவர் ஒண்ணுமே சொல்ல வேணாமா?

உப்பளக்காத்து எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், எழுதினது இல்ல. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க ஊரு தூத்துக்குடி பக்கம். அம்மா வழியில தலைமுறை தலைமுறையா சிஎஸ்ஐ, தென்னிந்தியத் திருச்சபை. அப்பா பேருக்கு கிறிஸ்டியன், கிறிஸ்மஸுக்கும் கல்யாணத்துக்கும்தான் சர்ச் வாசப்படி மிதிப்பாரு. லாரி ஓட்டினாரு. குடிப்பாருன்னு ஒரு வார்த்தையில சொன்னா புரியாது. ஆச்சி அம்மாவுக்கு போட்ட நகை ஒண்ணொண்ணா அடகு கடைக்கு போச்சு, ஒண்ணு கூட திரும்பி வரல. தம்பிக்கு பாலிடெக்னிக் ஃபீஸ் கட்ட வச்சிருந்த காசு டாஸ்மாக்குக்கு போச்சு, அவன் படிப்ப விட்டுட்டு ஒர்க் ஷாப்ல சேந்தான். அம்மாவுக்கு இடது கையில ஒரு விரல் இன்னைக்கும் நேரா மடங்காது, ஏன்னு நான் சொல்ல வேண்டாம்னு நெனைக்கிறேன்.

அப்புறம் லிவர் வீங்கி ஆஸ்பத்திரியில படுத்தாரு. அங்க வார்டு வார்டா ஜெபம் பண்ண வர்றவங்க இவருக்கும் ஜெபம் பண்ணிருக்காங்க. வெளிய வந்ததும் அவங்க சபைக்கே போக ஆரம்பிச்சு, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, அன்னையிலருந்து ஒரு சொட்டு தொடல. நான் பொய் சொல்ல மாட்டேன், நெஜமாவே தொடல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. காலையில நாலரைக்கு எந்திரிச்சு ஜெபம் பண்றாரு, பைபிள் வாசிக்கிறாரு. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், தெரியுது.

ஆனா போன மாசம் சபையில சாட்சி சொன்னாரு, அதாவது ஆண்டவர் தன்ன எப்படி மாத்தினாருன்னு எல்லார் முன்னாடியும் சொல்றது. லீவுல ஊருக்கு போன என்னையும் அம்மாவையும் கூட்டிட்டு போனாரு. மைக்க புடிச்சு நான் குடிகாரன், நான் பாவி, என் குடும்பத்த அடிச்சேன், ஆனா என் ஆண்டவர் ஒரே நாள்ல எல்லாத்தையும் மன்னிச்சிட்டாருன்னு சொல்ல சொல்ல எல்லாரும் அல்லேலூயா அல்லேலூயான்னு கைதட்டறாங்க. அதோட விட்டாரா, என் கடனையெல்லாம் ஆண்டவர் அற்புதமா அடைச்சாருன்னாரு. அந்த கடன அடைச்சது நானு. சென்னையில ஹாஸ்டல்ல ஒரு ரூம்ல நாலு பேரா இருந்து, மாசா மாசம் சம்பளத்துல பாதிய வட்டிக்காரருக்கு ஜிபே பண்ணி அடைச்சேன். அம்மா பொம்பளைங்க பக்கம் உக்காந்து முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு பாயையே பாத்துட்டு இருந்தாங்க.

வீட்டுக்கு வந்து நான் கேட்டேன், அப்பா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களாப்பான்னு. அதுக்கு அவரு, பழசையெல்லாம் கெளறாத, ஆண்டவரே கடலுக்குள்ள தூக்கி போட்டுட்டாரு, நீ ஏன் தூண்டில் போடறன்னு கேக்கறாரு. இதுக்கு நான் என்ன சொல்றது?

இப்ப அடுத்த மாசம் குடும்பமா மேடையேறி சாட்சி சொல்லணும்னு அவங்க பாஸ்டர் கேட்டிருக்காரு. தம்பி வரவே மாட்டேன்னுட்டான். அம்மா எதுவும் சொல்லாம இருக்காங்க, சரியா சாப்பிடறதும் இல்ல. சபையில ஒரு சிஸ்டர் வேற ஃபோன் பண்ணி, ஆண்டவரே மன்னிச்சதுக்கு அப்புறம் நீங்க மன்னிக்காம இருந்தா அது உங்களுக்குத்தான் சாபம்னு அம்மாகிட்ட சொல்லிருக்காங்க.

எனக்கு கேள்வி இதுதான். நம்ம விசுவாசத்துல மன்னிப்புன்னா இவ்வளவுதானா? மேல ஒருத்தர்கிட்ட கேட்டா முடிஞ்சுதா, கீழ இருக்கவங்க கணக்குல வர மாட்டாங்களா? இன்னொண்ணும் சொல்லிடறேன், பரமண்டல ஜெபத்துல "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல"ன்னு வர்ற இடத்துல எனக்கு வாய் அடைச்சிடுது. சின்ன வயசுலருந்து சொன்ன ஜெபம். இப்ப அந்த வரிய மட்டும் விட்டுட்டு சொல்றேன்.

---

கிருபையால்_நான் எழுதியது:

ஸ்தோத்திரம் சிஸ்டர். உங்க பதிவ ரெண்டு தடவ வாசிச்சேன். நானும் உங்க அப்பா மாதிரி ஆளுதான், அதனால அவரு பக்கத்துலருந்து கொஞ்சம் பேசறேன், கோவப்படாதீங்க.

குடிய விட்டவனுக்கு முதல் சில மாசம் என்ன நடக்கும்னு வெளிய இருக்கவங்களுக்கு தெரியாது. கை நடுங்கும், தூக்கம் வராது, வெளக்க அணைச்சா பழசெல்லாம் வரிசையா வந்து நிக்கும். அந்த நேரத்துல "ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான், பழையவைகள் ஒழிந்துபோயின"ங்கிற 2 கொரிந்தியர் 5:17 இல்லைன்னா நான் தூக்கு மாட்டிருப்பேன். இத நான் மிகைப்படுத்தி சொல்லல. நான் செஞ்சதுக்கெல்லாம் கணக்கு தீத்துட்டுதான் ஆண்டவர்கிட்ட வரணும்னா ஒருநாளும் வந்திருக்க மாட்டேன். இயேசு பக்கத்துல சிலுவையில தொங்கின கள்ளன பாருங்க, அவன் யாருக்கு என்ன திருப்பி குடுத்தான்? "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்"னு இயேசு சொல்லிட்டாரே. கிருபைன்னா அதுதான் சிஸ்டர், தகுதி இல்லாதவனுக்கு கெடைக்கிறது.

ஆனா ஒரு உண்மைய ஒத்துக்கறேன். இருநூறு பேர் முன்னாடி மைக்ல நான் பாவின்னு சொல்றது ஈஸி. அங்க கைதட்டுவாங்க. வீட்டுல அடுப்படியில நிக்கிற சம்சாரத்துகிட்ட போய் அதையே சொல்றதுதான் கஷ்டம், அங்க யாரும் கைதட்ட மாட்டாங்க, மொகத்த பாத்துட்டு நிக்கணும். எனக்கே ரொம்ப நாள் ஆச்சு. உங்க அப்பா பொய்யா நடிக்கிறாருன்னு எனக்கு தோணல, பயப்படறாருன்னுதான் தோணுது. அவருக்கு டைம் குடுங்க, ஜெபத்துல வச்சுக்கறேன். அந்த சிஸ்டர் சாபம்னு சொன்னது மட்டும் தப்பு, அத நானே சொல்றேன்.

---

கொள்ளிடக்கரை_டீச்சர் எழுதியது:

மேல எழுதின பிரதர், கள்ளனுக்கு கை காலு ஆணியில இருந்துச்சு, எறங்கி போய் யாருக்கும் எதுவும் குடுக்க வழியில்ல. இந்த பொண்ணோட அப்பா நடமாடிட்டு இருக்காரு, மைக் புடிக்கிறாரு. ரெண்டும் ஒண்ணா?

நான் ஆர்சி, ரோமன் கத்தோலிக். எங்க பக்கத்துல இது எப்படின்னு சொல்றேன், உனக்கு உபயோகப்படலாம் மா. நாங்க பாவசங்கீர்த்தனம்னு சொல்றது, இப்ப ஒப்புரவு அருட்சாதனம்ங்கிறாங்க. நிறைய பேரு நெனைக்கிறாங்க, ஃபாதர் காதுல சொன்னா அவரு கைய தூக்கி மன்னிப்பு குடுத்துடுவாரு, நாலு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டு வீட்டுக்கு போயிடலாம்னு. அப்படி இல்ல. மனஸ்தாபம் வேணும், வாயால அறிக்கை பண்ணணும், அப்புறம் பரிகாரம். பரிகாரம்னா ஜெபம் மட்டும் கெடையாது. கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வியில 1459-வது எண்ணுல தெளிவாவே இருக்கு: மன்னிப்பு பாவத்த எடுத்துடும், ஆனா அந்த பாவம் உண்டாக்கின சேதத்த அது தானா சரி பண்ணாது, திருடினத திருப்பி குடு, கெடுத்த பேர சரி பண்ணு, காயத்துக்கு ஈடு செய்னு. திருடின பொருள திருப்பி குடுக்க மனசே இல்லாம வந்து நிக்கிறவனுக்கு ஃபாதர் பாவ விமோசனம் தர மாட்டாரு. எங்க அப்பா காலத்துல எங்க பங்குல ஒருத்தரு வரப்ப தள்ளி வச்சு பக்கத்து நிலத்த எடுத்துக்கிட்டு ஈஸ்டருக்கு பாவசங்கீர்த்தனம் பண்ண போயிருக்காரு. உள்ள என்ன பேச்சு நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, ஃபாதர் செத்தாலும் வெளிய சொல்ல மாட்டாரு. ஆனா அந்த வாரமே மனுஷன் மம்பட்டிய எடுத்துட்டு போய் வரப்ப பழைய எடத்துல போட்டது ஊரே பாத்துச்சு.

இன்னொரு விஷயம். சிஸ்டர் ராணி மரியா கேள்விப்பட்டிருக்கியா? கேரளாக்காரங்க, மத்தியப் பிரதேசத்துல ஆதிவாசி ஜனங்கள வட்டிக்காரங்க பிடியிலருந்து மீக்க வேலை செஞ்சவங்க. 1995 பிப்ரவரியில பஸ்ல போறப்ப அவங்கள குத்தி கொன்னாங்க. கொன்னவரு சமுந்தர் சிங். ராணி மரியாவோட சொந்த தங்கச்சி, அவங்களும் கன்னியாஸ்திரி, 2002-ல ரக்‌ஷாபந்தனுக்கு ஜெயிலுக்கே போய் அந்த ஆள சகோதரனா ஏத்துக்கிட்டு கையில ராக்கி கட்டினாங்க. இத எங்க ஃபாதருங்க பிரசங்கத்துல அடிக்கடி சொல்வாங்க, பாருங்க எப்படி மன்னிச்சாங்கன்னு. அதோட நிறுத்திடுவாங்க. எனக்கு அங்கதான் எரிச்சல் வரும். மிச்ச பாதி என்னன்னா, 2006-ல விடுதலையான அந்த மனுஷன் கேரளாவுக்கே போய், பொண்ண பறிகுடுத்த தாய் தகப்பன் முன்னாடி நின்னாரு. அப்பறமும் அந்த குடும்பத்தோட உறவு விடல. 2017-ல இந்தூர்ல ராணி மரியாவுக்கு புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் குடுத்தப்ப அந்த ஆளும் அங்க இருந்தாரு. கொலைகாரனே அவ்வளவு தூரம் ரயிலேறி போய் கண்ணுக்கு கண்ணு பாத்து நின்னிருக்கான். உங்க அப்பா ஹால்லருந்து அடுப்படிக்கு வரணும், அவ்வளவுதான்.

உங்க அம்மாகிட்ட சொல்லு, மேடையேற வேணாம். விருப்பம் இருந்தா மட்டும்.

---

சும்மா_படிக்கிறவன் எழுதியது:

நான் கிறிஸ்டியன் இல்ல, ஆனா எங்க வீட்டுலயும் இதே கதைதான் வேற சாமி. எங்க மாமா மாலை போட்டா 41 நாளும் சாமி சரணம்தான், அத்தைய கூட சாமின்னுதான் கூப்பிடுவாரு, மலைக்கு போய்ட்டு வந்து மாலைய கழட்டின அன்னிக்கு ராத்திரி பாத்தீங்கன்னா பழைய ஆளு. உங்க அப்பா ஒரு வருஷம் தாண்டிட்டாருன்னா அதுவே பெரிய விஷயம்ங்க. ஆனா கடன நீங்க அடைச்சத சாமி கணக்குல எழுதினாரு பாருங்க, அது மட்டும் ரொம்ப ஓவர்.

---

குருத்தோலை எழுதியது:

அன்புள்ள மகளுக்கு. நான் எங்க சேகரத்துல, அதாவது ஒரு ஐயருக்கு கீழ வர்ற சர்ச்சுங்கள்ல, ரொம்ப வருஷம் உபதேசியாரா ஊழியம் பண்ணி ரிட்டையர் ஆனவன். டைப் பண்றது மெதுவா வரும், பேரன் ஃபோன்ல இருந்து எழுதறேன், பிழை இருந்தா மன்னிக்கணும்.

உங்க அப்பா சொன்ன வசனம் மீகா 7:19, நம்முடைய பாவங்களையெல்லாம் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுவார்னு வரும். நல்ல வசனம். தூண்டில் போடாதேங்கிறது பைபிள்ல இல்ல, அது பிரசங்கியாருங்க சேத்துக்கிட்டது. அந்த வசனத்த பாவம் செஞ்சவன் எடுத்து பாவத்தால அடிபட்டவங்க வாயில துணிய அடைக்கிறதுக்கு பயன்படுத்தறத நான் நிறைய வீட்டுல பாத்திருக்கேன். குடும்ப ஜெபத்துக்கு போன வீடுங்கள்லயே பாத்திருக்கேன்.

வேதத்துல இந்த விஷயம் எப்படி வருதுன்னு சொல்றேன் கேளும்மா. லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் ஆரம்பத்துல, ஒருத்தன் இன்னொருத்தன் பொருள வஞ்சிச்சு எடுத்துட்டான்னு வச்சுக்க. அவன் முதல்ல எடுத்த பொருளயும் திருப்பி குடுக்கணும், அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு கூட்டி குடுக்கணும், யாருக்கு சேர வேண்டியதோ அவங்க கையிலேயே குடுக்கணும், அதோட சேத்துதான் குற்றநிவாரண பலி. ஆசாரியன்கிட்ட ஆட்டுக்கடாவ மட்டும் ஓட்டிட்டு வந்து நின்னா வேலைக்காகாது. இது பழைய ஏற்பாடு, இப்ப கிருபையின் காலம்னு சிலர் சொல்வாங்க. சரி, புதிய ஏற்பாட்டுக்கே வருவோம். வரி வசூலிக்கிற சகேயு, இயேசுவ பாக்க ஏறின காட்டத்தி மரத்துலருந்து எறங்கி இயேசுவ வீட்டுக்கு கூட்டிட்டு போனான். அவரு அவன ஒண்ணுமே கேக்கல, குடுன்னு சொல்லல. அவனா எந்திரிச்சு நின்னு, யார்கிட்டயாவது அநியாயமா வாங்கியிருந்தா நாலத்தனையா திருப்பி குடுக்கறேன்னான். அதுக்கப்பறம்தான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது"ன்னு இயேசு சொல்றாரு. கவனி, வீட்டுக்கு. உங்க வீட்டுல இப்ப ஒரு ஆளுக்குத்தான் வந்திருக்கு.

மத்தேயு 5:23, 24 இன்னும் நேரடி. பலிபீடத்துகிட்ட காணிக்கையோட வந்து நிக்கிறப்ப, உன்பேர்ல உன் சகோதரனுக்கு குறை உண்டுன்னு ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கயே வச்சுட்டு போ, முதல்ல அவனோட ஒப்புரவாகு, அப்புறம் வான்னு ஆண்டவரே சொல்றாரு. அவருக்கு குடுக்க வந்தத காக்க வச்சுட்டு வீட்டுக்கு போகச் சொல்ற சாமி நம்ம சாமி. நம்ம பழைய ஆங்கிலிக்கன் ஜெபப்புஸ்தகத்துல கூட, 1662-ல வந்தது, நற்கருணைக்கு வர்றதுக்கு முன்னாடி வாசிக்கிற எச்சரிப்புல, நீ யாருக்காவது தீங்கு செஞ்சிருந்தா உன்னால முடிஞ்ச மட்டும் ஈடுகட்ட தயாரா வான்னு எழுதியிருக்கு. இப்ப யாரும் அத வாசிக்கிறதில்ல, ஆராதனை நீண்டு போகுதுன்னு விட்டுட்டாங்க.

இதுக்கு பதிலா சிலர் தாவீது ராஜாவோட 51-ஆம் சங்கீதத்த எடுத்துட்டு வருவாங்க. "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து"ன்னு அதுல இருக்கே, அப்ப மனுஷங்களுக்கு என்னன்னு. அந்த சங்கீதம் எப்ப பாடினதுன்னு தலைப்புலயே போட்டிருக்கு. பத்சேபாள எடுத்துக்கிட்டு அவ புருஷன் உரியாவ போர்ல முன்னணியில நிறுத்தி கொல்ல வச்சதுக்கப்பறம். உரியா செத்துட்டான், அவன்கிட்ட போய் நிக்க வழியில்ல. அப்படியும் நாத்தான் தீர்க்கதரிசி கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்னு சொன்ன அதே வாயால, பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாதுன்னும் சொல்லிருக்காரு. மன்னிப்பு கெடைச்சது, செஞ்சதோட விளைவும் வந்தது, ரெண்டும் ஒரே அதிகாரத்துல, 2 சாமுவேல் 12.

அடைக்கலப்பட்டணம்னு யோசுவா 20-ல வரும், வாசிச்சிருப்ப. கேதேஸ், சீகேம், எப்ரோன், பேசேர், ராமோத், கோலான்னு ஆறு ஊரு. கைப்பிசகா கொன்னுட்டவன் பழிவாங்க வர்றவன் கையில சிக்காம ஓடிப்போய் நுழையலாம். ஆனா எப்படி நுழையணும்? பட்டணத்து வாசல்ல நின்னு பெரியவங்க காது கேக்க நடந்தத சொல்லணும். சபைக்கு முன்னால விசாரணைக்கும் நிக்கணும். அடைக்கலம் உண்டு, விசாரணையும் உண்டு. ஒளிஞ்சுக்கிற எடமா ஆண்டவர் அத வைக்கல.

நீ பரமண்டல ஜெபத்துல ஒரு வரிய விட்டுட்டு சொல்றேன்னு எழுதினியே, அதுக்கு நான் உன்ன கடிய மாட்டேன். பொய்யா சொல்றத விட வாய மூடிக்கிறது மேல். ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு எல்லாருக்கும் மனப்பாடம். லூக்கா 17:3 யாருக்கும் ஞாபகம் இருக்காது: உன் சகோதரன் உனக்கு விரோதமா குற்றஞ்செஞ்சா அவன கடிஞ்சுகொள், அவன் மனஸ்தாபப்பட்டா மன்னி. கடிஞ்சுகொள்றதுன்னு ஒண்ணு முன்னாடி இருக்கு. நீ அப்பாகிட்ட கேட்ட கேள்வி அந்த வசனத்தோட முதல் பாதிதான், நீ பாவம் ஒண்ணும் பண்ணல.

கெட்ட குமாரன் கதையில, சொத்த வாங்கிட்டு போய் அழிச்ச இளைய மகன் திரும்பி வந்ததுக்கு தகப்பன் விருந்து வைக்கிறாரு. மூத்தவன் வெளிய நின்னுட்டான், உள்ள ஆட்டமும் பாட்டும். நம்ம பிரசங்கத்துல அவன எப்பவும் திட்டுவோம், பொறாமக்காரன்னு. தகப்பன் என்ன பண்ணினாருன்னு பாரு, விருந்த விட்டுட்டு வெளிய வந்து அவன வருந்தி கூப்பிட்டாரு. கைய புடிச்சு இழுத்துட்டு போகல, சாபம் வரும்னு மிரட்டல. அவன் உள்ள போனானா இல்லையான்னு கதையில இல்லவே இல்ல. இளையவனும் என்ன சொன்னான், "பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்." பரத்துக்கு மட்டும்னு சொல்லல. இந்த ஒரு வரிய உங்க அப்பாகிட்ட வாசிச்சு காட்டு, அவருக்கு பைபிள் மேல இப்ப மரியாதை இருக்குல்ல.

உனக்குன்னு ஒண்ணு கேக்கறேன். உங்க அப்பாவுக்கு ஆண்டவர்கிட்ட எடம் கெடைச்சுது. உனக்கும் உங்க அம்மாவுக்கும் எடம் இல்லாமயா போயிடும்? சங்கீதம் 55 எடுத்து வாசி. என்ன நிந்திச்சவன் சத்துரு இல்ல, அவனா இருந்தா சகிச்சிருப்பேன், என் கூடவே இருந்த நீதானேன்னு ஒருத்தன் ஆண்டவர்கிட்ட கொட்டறான். அப்படி கொட்டறதுக்கும் ஜெபம்னுதான் பேரு.

---

உப்பளக்காத்து எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாத்தா, நீங்க எழுதினத அம்மாவுக்கு ஃபோன்லயே வாசிச்சு காட்டினேன். லூக்கா 17:3-க்கு வந்ததும் நிறுத்த சொல்லி, திரும்ப வாசின்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் லைன்ல ஒண்ணும் பேசல, ஃபேன் ஓடற சத்தம்தான் கேட்டுச்சு. அப்பறம் சர்ச்ல ஐயர்கிட்ட (எங்க சர்ச் போதகர அப்படித்தான் கூப்பிடுவோம்) பேசணும், நீ வர்றப்ப கூட வான்னாங்க.

கிருபையால் நான் அண்ணா, உங்க மேல எனக்கு கோவம் இல்ல. பயம்னு நீங்க சொன்னது எனக்கு தோணவே இல்ல, நான் திமிருன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். ஆனா டைம் குடுங்கன்னு சொல்றீங்களே, எவ்வளவு? அம்மாவுக்கு அறுபது நெருங்குது. இன்னொண்ணு, அவர நான் போய் தள்ளினா, அந்த டென்ஷன்ல திரும்ப குடிக்க ஆரம்பிச்சிட்டா என்ன பண்றதுன்னு தம்பி கேக்கறான். அது நெஜமாவே பயமா இருக்கு. அப்படி ஆனா எல்லாரும் என்னையத்தான் சொல்வாங்க.

---

கிருபையால்_நான் எழுதியது:

சிஸ்டர் அவரு குடிச்சா அது அவரு எடுக்கிற கிளாஸ், உங்க கேள்வி இல்ல. இத ஒரு குடிகாரனே சொல்றான் நம்புங்க. நாங்க காரணம் தேடறதுல கில்லாடிங்க, மழை பேஞ்சாலும் காரணம், வெயில் அடிச்சாலும் காரணம்.

டீச்சர் கள்ளன் விஷயத்துல சரியா அடிச்சீங்க, பதில் இல்ல என்கிட்ட.

---

மூணாவது_வரிசை எழுதியது:

லேட்டா பாக்கறேன் இந்த திரிய. என் வீட்டுக்காரரும் குடிச்சவரு, இப்ப விட்டு ஏழெட்டு வருஷம் ஆகுது. பெந்தெகொஸ்தேயும் இல்ல ஆர்சியும் இல்ல, ஏஏ மீட்டிங் போய் விட்டாரு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அது அமெரிக்காவுல 1935-ல ரெண்டு குடிகாரங்க ஆரம்பிச்சது. அவங்க ஒரு கிறிஸ்தவ குழுவுல இருந்துட்டு வந்தவங்க, ஆக்ஸ்ஃபோர்ட் குரூப்னு பேரு. செஞ்ச தப்ப வெளிய சொல்லு, செஞ்ச சேதத்துக்கு ஈடு கட்டுங்கிறதெல்லாம் அங்கருந்து வந்ததுதான். பன்னெண்டு படி இருக்கு. அஞ்சாவது படியில கடவுள்கிட்டயும், தனக்குத்தானேயும், இன்னொரு மனுஷன்கிட்டயும் ஒத்துக்கணும். எட்டாவதுல யார் யாருக்கு கெடுதல் பண்ணினோம்னு லிஸ்ட் எழுதணும். ஒம்பதாவதுல நேரா போய் சரி பண்ணணும், அப்படி போறதால அவங்களுக்கு இன்னும் கெடுதல் வரும்னா மட்டும் விட்டுடணும். இந்த கடைசி வரி முக்கியம் தங்கச்சி. மன்னிப்பு கேக்கறவன் தன் மனசு லேசாகணும்னு அடுத்தவங்கள மேடையேத்தக் கூடாது. உங்க அம்மாவ மைக் முன்னாடி நிறுத்தறது அப்பாவுக்குத்தான் நல்லது, அம்மாவுக்கு என்ன அதுல?

எங்க வீட்டுல இது எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன். பெருசா அழுக சீன் எல்லாம் இல்ல. அவரு ஒரு நோட்டு வாங்கிட்டு வந்தாரு, பசங்களோட நாப்பது பக்க நோட்டு. அதுல பேரு பேரா எழுதி, பக்கத்துல என்ன பண்ணினேன், என்ன குடுக்கணும்னு எழுதினாரு. தெரு முக்கு மளிகைக்கடை அண்ணாச்சிக்கு பாக்கி, அத மாசம் கொஞ்சமா போட்டு முடிச்சாரு. அண்ணாச்சி மறந்தே போயிருந்தாரு, பழைய பேரேட்ட தூசி தட்டி எடுத்து பாத்துட்டுதான் வாங்கிக்கிட்டாரு. என் பேரு கடைசி பக்கத்துல இருந்துச்சு. என்ன எழுதிருந்தாருன்னு இங்க சொல்ல மாட்டேன். கேட்டு முடிச்சுட்டு நான் மன்னிச்சேன்னு சொல்லல, சரின்னு மட்டும் சொன்னேன். அவரும் பதில் எதிர்பாக்கல, அதுதான் எனக்கு புடிச்சது. அதுக்கு எவ்வளவோ நாள் கழிச்சுதான் உள்ள ஏதோ தளந்துச்சு. எந்த நாள்னு கேட்டா எனக்கே தெரியாது. நற்கருணைக்கு அது வரைக்கும் போகாம மூணாவது வரிசையிலயே உக்காந்திருப்பேன், எங்க ஐயர் ஒரு நாளும் ஏன்னு கேக்கல. அந்த மனுஷனுக்கு நான் இன்னைக்கும் நன்றி சொல்வேன். ஒரு நாள் எந்திரிச்சு போனேன், அவ்வளவுதான்.

நீ செய்ய வேண்டியதுன்னு கேட்டா: குடும்பத்துல இருக்கவங்களுக்குன்னே அல்அனான்னு தனி மீட்டிங் இருக்கு, குடிக்கிறவரு வர வேண்டியது இல்ல, நீங்க மட்டும் போகலாம், காசு கெடையாது. அம்மாவ கூட்டிட்டு போ. ஏஏ கூட நிறைய எடத்துல சர்ச் ஹால்லயும் ஸ்கூல்லயும்தான் நடக்குது, அப்பாவுக்கு சபை போதும்னா விட்டுடு, அவரு சபையில குடிய விட்ட பழைய ஆளு யாராவது கண்டிப்பா இருப்பாங்க, வீட்டையும் சரி பண்ணின ஆளா பாத்து பேசச் சொல்லு. உன் பேச்சு ஏறாது, அவரு பேச்சு ஏறும். பாஸ்டருக்கு நீயே ஃபோன் போட்டு, அடுத்த மாசம் நாங்க வரல, அம்மாவுக்கு விருப்பமில்லன்னு மட்டும் சொல்லு. காரணம் விளக்கிட்டு இருக்காத, விளக்கினா ஜெபம் பண்ண வீட்டுக்கே வந்துடுவாங்க.

அந்த கடன் விஷயத்த விடாத. அப்பா இப்ப வேலைக்கு போறாரா? போறாருன்னா மாசம் இவ்வளவுன்னு அம்மா பேர்ல பேங்க்ல போட சொல்லு, ஆயிரம் ரூபான்னாலும் பரவால்ல. கையில குடுக்க வேணாம், அக்கவுண்ட்ல போடட்டும், மெசேஜ் அம்மா ஃபோனுக்கு வரட்டும். அம்மாவுக்கு அக்கவுண்ட் இருக்குதானே, இல்லைன்னா முதல்ல போஸ்ட் ஆபீஸ்ல ஒண்ணு ஓப்பன் பண்ணி குடு, ஆதாரும் ரெண்டு ஃபோட்டோவும் எடுத்துட்டு போ, பான் கார்டு இல்லைன்னா ஒரு ஃபார்ம் குடுப்பாங்க.